பழைய டீசல் பிக்கப்பின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை நம்பி வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய டீசல் பிக்கப் தேடுகிறவர்கள் எஞ்சினைப் பற்றி நூறு கேள்வி கேட்பார்கள். கியர்பாக்ஸைப் பற்றி விசாரித்தால் "ஆட்டோமேட்டிக்தான்" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். இந்த வகை வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது கியர்பாக்ஸ் என்பது என் அனுபவம். வட அமெரிக்கச் சந்தைக்காகத் தயாரான ஃபோர்ட் சூப்பர் டியூட்டி, ராம், செவர்லே, ஜிஎம்சி ஆகிய பெரிய டீசல் பிக்கப்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். சோதிக்கும் முறை எந்த டீசல் பிக்கப்புக்கும் பொருந்தும்.

எஞ்சின் நன்றாக இருந்தால் போதாதா?

போதாது. மூன்று லட்சம் மைல் ஓடிய, ராமின் கம்மின்ஸ் எஞ்சினைத் திறக்காமலே இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். அதே வண்டியின் கியர்பாக்ஸ் இரண்டு முறை இறக்கி ஏற்றப்பட்டிருக்கும்.

டீசல் எஞ்சின் தன் முழு டார்க்கையும், அதாவது முறுக்குவிசையையும், குறைந்த சுற்றிலேயே கொடுத்துவிடும். இந்த வண்டிகளில் 1,600 ஆர்பிஎம் பக்கத்திலேயே உச்சம் வந்துவிடுகிறது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள் கிளட்ச் தட்டுகளை இறுக்கிப் பிடிப்பது ஆயில் அழுத்தம். அந்த அழுத்தத்தை உண்டாக்கும் பம்ப்பைச் சுழற்றுவதும் எஞ்சின்தான். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது பம்ப்பும் மெதுவாகத்தான் சுற்றும். ஆக, பிடி அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில் பம்ப்பின் ஓட்டம் குறைவாக இருக்கிறது. உள்ளே சீல்கள் தேய்ந்து ஆயில் கசியத் தொடங்கிவிட்டால், அந்த நேரத்தில் தட்டுகள் வழுக்கும். வழுக்கினால் சூடு. சூடானால் ஆயில் கெடும், சீல் கெட்டிப்படும், இன்னும் வழுக்கும். பெட்ரோல் வண்டியில் பல வருடம் வெளியே தெரியாமல் போகிற தேய்மானம் டீசலில் ஒரே கோடைக்கால டிரெய்லர் பயணத்தில் வெளியே வந்துவிடும்.

எந்த வண்டியில் எந்த கியர்பாக்ஸ் வந்தது? எது உறுதியானது?

விளம்பரத்தில் எஞ்சின் பெயர் மட்டும் இருக்கும். வருடத்தை வைத்து கியர்பாக்ஸை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

டாட்ஜ் ராமில் (ராம் வண்டிகளின் பழைய பெயர்) இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதிகம் ஏமாறுவது அங்கேதான். 1989-இல் கம்மின்ஸ் எஞ்சின் முதன்முதலாக டாட்ஜ் பிக்கப்பில் வந்தபோது அதன் டார்க் 400 பவுண்டு-அடி. பின்னால் இருந்தது மூன்று கியர் கொண்ட ஏ727. அந்த கியர்பாக்ஸின் அடிப்படை வடிவமைப்பு 1962-ஐச் சேர்ந்தது. ஓவர்டிரைவ் (நெடுஞ்சாலையில் எஞ்சின் சுற்றைக் குறைக்கும் உயர் கியர்) சேர்த்து, மின்னணுக் கட்டுப்பாடு சேர்த்து, 47ஆர்எச், 47ஆர்இ, கடைசியில் 2003 முதல் 2007 வரை 48ஆர்இ என்று அதே குடும்பத்தையே வளர்த்துக்கொண்டு போனார்கள். எஞ்சினோ அதைவிட வேகமாக வளர்ந்தது. தயாரிப்பாளருக்கே அந்த கியர்பாக்ஸ் மேல் எவ்வளவு நம்பிக்கை இருந்தது என்று பாருங்கள்: 1996-97 மாடல்களில் மேனுவல் வண்டிக்கு 215 குதிரைத்திறன், ஆட்டோமேட்டிக் வண்டிக்கு 180. 2001-02-இல் 505 பவுண்டு-அடி கொண்ட அதிக சக்தி எஞ்சின் மேனுவலோடு மட்டுமே விற்கப்பட்டது. இந்த வருடங்களின் ராம் ஆட்டோமேட்டிக்கை வாங்கினால், கியர்பாக்ஸ் ரீபில்டுக்கும் (பிரித்து, தேய்ந்த பாகங்களை மாற்றிச் சேர்ப்பதற்கும்) சேர்த்தே பணம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். நல்ல கையில் ரீபில்ட் ஆன 47ஆர்இ நன்றாகவே உழைக்கும் என்பதையும் சொல்ல வேண்டும்.

2007-இன் நடுவில் 6.7 லிட்டர் எஞ்சினோடு ஆறு கியர் 68ஆர்எஃப்இ வந்தது. முந்தையதைவிட மேல். ஆனாலும் வால்வு பாடியில், அதாவது ஆயிலை எந்த கிளட்சுக்கு அனுப்புவது என்று கட்டுப்படுத்தும் பகுதியில், ஆயில் கசிவும் ஓவர்டிரைவ் கிளட்ச் தேய்வதும் இதில் தெரிந்த பலவீனங்கள். 2013 முதல் 3500 மாடலில் ஐசின் நிறுவனத்தின் ஏஎஸ்69ஆர்சி கிடைத்தது. அந்த ஆண்டின் டார்க் அளவுகளே கதையைச் சொல்கின்றன: மேனுவலுக்கு 660, 68ஆர்எஃப்இ-க்கு 800, ஐசினுக்கு 850. கனமான டிரெய்லர் இழுக்கப் போகிறவர் ராம்தான் வேண்டும் என்றால், ஐசின் உள்ளதைத் தேடிப் போவது நல்லது.

ஃபோர்டில் 7.3 லிட்டர் பவர்ஸ்ட்ரோக் வண்டிகளில் முதலில் இ4ஓடி, 1999 சூப்பர் டியூட்டியில் இருந்து 4ஆர்100. இரண்டும் நான்கு கியர். கூலிங் சரியாக இருந்து, எஞ்சின் சக்தியைக் கூட்டாமல் இருந்தால் நீண்ட நாள் வரும். 2003-இல் ஐந்து கியர் டார்க்‌ஷிஃப்ட், அதாவது 5ஆர்110 வந்தது. என் கருத்தில் அந்தக் காலத்து கியர்பாக்ஸ்களில் மிகச் சிறந்தவற்றில் ஒன்று. வருத்தம் என்னவென்றால், அது பிரச்சினைகளுக்குப் பெயர்போன 6.0, 6.4 லிட்டர் எஞ்சின்களோடு வந்தது. அந்த வண்டிகளில் மட்டும் எஞ்சினைப் பார்த்த பிறகு கியர்பாக்ஸுக்கு வாருங்கள். 2011-இல் 6.7 லிட்டரோடு வந்த 6ஆர்140-உம் உறுதியானதே. 2020 முதல் பத்து கியர்.

ஜெனரல் மோட்டார்ஸ் 2001-இல் டியூராமேக்ஸ் எஞ்சினுக்கு ஆலிசன் 1000-ஐப் போட்டது. பேருந்துக்கும் லாரிக்கும் கியர்பாக்ஸ் செய்யும் நிறுவனத்தின் தயாரிப்பு. தொடக்கத்தில் ஐந்து கியர், 2006 முதல் ஆறு. வெளியிலேயே திருகி மாட்டும் ஃபில்டர் இருப்பதால் பராமரிப்பு எளிது. பழைய டீசல் ஆட்டோமேட்டிக்கில் ஒன்றை மட்டும் சொல் என்றால் 2006-க்குப் பிந்தைய ஆறு கியர் ஆலிசனைத்தான் சொல்வேன். 2020-இல் வந்த பத்து கியருக்கும் ஆலிசன் பெயர் இருக்கிறது, ஆனால் அதைத் தயாரிப்பது ஜெனரல் மோட்டார்ஸ்.

எத்தனை மைல் ஓடியிருந்தால் வாங்கலாம்?

மைல் கணக்கு இங்கே பாதி உண்மையைத்தான் சொல்லும். நெடுஞ்சாலையில் காலியாக ஓடிய இரண்டு லட்சம் மைல், மலைப்பாதையில் டிரெய்லர் இழுத்த எண்பதாயிரம் மைலைவிட கியர்பாக்ஸுக்கு இலகுவானது. ஆகவே வண்டி என்ன வேலை செய்தது என்று பாருங்கள்.

பின்தொட்டியில் ஏறி நில்லுங்கள். விரிப்பு இருந்தால் தூக்கிப் பாருங்கள். தரையின் நடுவில், பின் அச்சுக்கு நேர் மேலே துளைகளோ, துளையை அடைத்த தகடோ இருந்தால் அங்கே கூஸ்நெக் அல்லது ஐந்தாம் சக்கர இணைப்பு இருந்திருக்கிறது. கனமான டிரெய்லர் இழுத்த வண்டி அது. அப்புறம் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே முழங்கால் படும் இடத்தைத் தடவிப் பாருங்கள். டிரெய்லர் பிரேக் கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கழற்றிய இரண்டு திருகுத் துளைகள் விரலுக்குத் தட்டுப்படலாம். பின்னால் இணைப்பு உருண்டை மாட்டும் குழாயின் உட்புறம் பெயின்ட் அப்படியே இருக்கிறதா, தேய்ந்து பளபளக்கிறதா?

இழுத்த வண்டி என்பதற்காக ஒதுக்கிவிட வேண்டாம். இந்த வண்டிகள் செய்யப்பட்டதே இழுப்பதற்குத்தான். "டிரெய்லரே மாட்டியதில்லை" என்று விற்பவர் சொல்லி, துளைகள் வேறு சொன்னால், அவர் சொல்லும் மற்றவற்றையும் சந்தேகத்தோடு கேளுங்கள்.

டிப்ஸ்டிக்கில் ஆயிலைப் பார்த்து என்ன தெரிந்துகொள்ளலாம்?

நிறைய. சமதளத்தில், வண்டி சூடான பிறகு, எஞ்சின் ஓடும்போது பார்க்க வேண்டும். 47ஆர்இ, 48ஆர்இ கியர்பாக்ஸ்களில் நியூட்ரலில் வைத்துப் பார்க்க வேண்டும். பார்க்கில் வைத்தால் அவற்றில் டார்க் கன்வர்ட்டருக்கு (எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) ஆயில் ஒழுங்காகப் போகாது, அளவு தவறாகக் காட்டும். ஃபோர்டிலும் ஆலிசனிலும் பார்க்கில் வைத்தே பார்க்கலாம்.

ஒரு சொட்டை வெள்ளைக் காகிதத்தில் விட்டுப் பாருங்கள். சிவப்பு பரவினால் நல்லது. கொஞ்சம் பழுப்பாகி இருந்தால் வயதான ஆயில், அதுவே குற்றம் ஆகாது. கருத்து, கருகிய வாசனை அடித்தால் கிளட்ச் தட்டு எரிந்திருக்கிறது. சொட்டு பரவிய பிறகு நடுவில் கருந்தூள் தங்குகிறதா என்றும் கவனியுங்கள். பால் கலந்த இளஞ்சிவப்பு நிறம் தெரிந்தால் பேரம் பேசாமல் திரும்பி வாருங்கள்: ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் கசிந்து கூலன்ட் உள்ளே போயிருக்கிறது. தட்டுகளின் உராய்வுப் படலம் தண்ணீரில் ஊறிக் கழன்றுவிடும்.

ஆயில் புத்தம் புதிதாகப் பளிச்சென்று இருந்தால் சந்தோஷப்படுவதற்கு முன், எப்போது, ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள். ரசீது காட்டினால் சரி. போன வாரம் மாற்றியதாகவும் ரசீது இல்லை என்றும் சொன்னால், பழைய ஆயில் எந்த நிறத்தில் இருந்தது என்பது உங்களுக்குத் தெரியவே போவதில்லை.

ஓட்டிப் பார்க்கும்போது என்ன கவனிப்பது?

முதல் நிபந்தனை: எஞ்சின் சில்லென்று இருக்க வேண்டும். இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு முறை பார்க்கப் போன வண்டி வாசலில் தயாராக நின்றது. பானெட்டில் கை வைத்தேன், சூடு. "இப்போதுதான் கழுவ எடுத்துப்போனேன்" என்றார் விற்பவர். ஓட்டிப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி ஓடியது. கிட்டத்தட்ட முன்பணம் கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டு, மனசு கேட்காமல் மறுநாள் காலை சொல்லாமல் போய் நின்றேன். ஸ்டார்ட் செய்து டிரைவில் போட்டால் வண்டி அசையவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிய பிறகு 'டொக்' என்று அடியில் அடித்து நகர்ந்தது. ரிவர்ஸுக்கு இன்னும் நேரம் எடுத்தது. உள்ளே கெட்டிப்பட்ட சீல்கள், சூடானால் இளகிப் பிடித்துக்கொள்கின்றன. முந்தின நாள் ஓட்டத்தை மட்டும் நம்பியிருந்தால் அந்த வண்டி என் வாசலில் நின்றிருக்கும். அதனால் போவதற்கு முன் "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள், போனதும் கையை வைத்துப் பாருங்கள்.

பிரேக்கை மிதித்து டிரைவ், ரிவர்ஸ் இரண்டிலும் போடுங்கள். ஒரு வினாடியில், அதிகபட்சம் இரண்டில், பிடிக்க வேண்டும். ஓடும்போது ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். கியர் மாறும் நொடியில் முள் மேலே எகிறி அப்புறம் இறங்கினால் வழுக்குகிறது. மாற்றம் கொஞ்சம் அழுத்தமாக இருப்பது குறையில்லை. குழைந்து, எப்போது மாறியது என்றே தெரியாமல் இழுபடுவதுதான் கவலைக்குரியது.

நெடுஞ்சாலையில் 50, 55 மைல் வேகத்தில் சீராகப் போகும்போது டார்க் கன்வர்ட்டர் லாக்-அப் கிளட்ச் பிடித்துக்கொள்ளும், அதாவது எஞ்சினும் கியர்பாக்ஸும் வழுக்கலின்றி நேராக இணைந்துவிடும். அப்போது ஆக்ஸிலரேட்டரை லேசாகக் கூட்டுங்கள். சாலையோர உறுத்துக்கோடுகள் மேல் சக்கரம் ஏறியது போல வண்டி சிலிர்த்தால் அந்த கிளட்ச் போய்க்கொண்டிருக்கிறது. பிறகு வலது கால் ஆக்ஸிலரேட்டரில் அப்படியே இருக்க, இடது காலால் பிரேக்கை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொடுங்கள். ஆர்பிஎம் சில நூறு கூடி, பிரேக்கை விட்டதும் மீண்டும் இறங்க வேண்டும். எந்த மாற்றமும் இல்லையென்றால் லாக்-அப் வேலை செய்யாமல் இருக்கலாம். அப்படியே மலை ஏறினால் சூடு ஏறிக்கொண்டே போகும்.

குறைந்தது முக்கால் மணி நேரம் ஓட்டுங்கள். குளிரில் வெளிப்படும் குறை வேறு, சூட்டில் வெளிப்படும் குறை வேறு. முடிந்தால் ஒரு நீண்ட ஏற்றமும், அதன் உச்சியில் நின்று கிளம்புவதும் சேர்ந்திருக்கட்டும். ஃபோர்டின் பழைய நான்கு கியர் வண்டிகளில் ஓவர்டிரைவ் ஆஃப் விளக்கு தானாகக் கண்சிமிட்டினால் கணினியில் கியர்பாக்ஸ் கோளாறு பதிவாகியிருக்கிறது என்று பொருள். "அது எப்போதும் அப்படித்தான்" என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள்.

எஞ்சின் சக்தியைக் கூட்டிய வண்டியை வாங்கலாமா?

நான் வாங்க மாட்டேன். சிப், ட்யூன், புரோகிராமர் எந்தப் பெயரில் வந்தாலும் அது எஞ்சினுக்குக் கூடுதல் டீசல் கொடுத்து டார்க்கை ஏற்றுகிறது. கியர்பாக்ஸ் பழையபடியே இருக்கிறது. ஆலிசன் போன்ற கியர்பாக்ஸ் வழுக்கலை உணர்ந்தால் எச்சரிக்கை விளக்கைப் போட்டு, கியரைக் கட்டிப்போட்டு, வண்டியை மெல்ல வீட்டுக்குக் கொண்டுபோக மட்டும் விடும். எச்சரிக்கை இல்லாமல் எரிந்துபோகிற கியர்பாக்ஸ்களும் உண்டு.

விற்கும் முன் ட்யூனைக் கழற்றி வைத்துவிடுவார்கள். முன்கண்ணாடி ஓரத் தூணில் கூடுதல் மீட்டர்கள் மாட்டிய துளைகள், கண்ணாடியில் உறிஞ்சுபிடிப்பான் வட்டமாக விட்ட தடம், பெரிதாக்கிய புகைக்குழாய், அளவுக்கு மீறிய டயர் எல்லாம் தடயங்கள். பெரிய டயர் தனியாகவே கியர்பாக்ஸுக்குப் பாரம். சக்கரம் பெரிதானால் அதைச் சுழற்ற அதிக விசை வேண்டும், கியர் விகிதமும் மாறிவிடுகிறது.

ஏற்கெனவே ரீபில்ட் செய்தது என்கிறார்கள். நல்லதா?

யார், எப்போது, என்னென்ன மாற்றினார்கள் என்பதைப் பொறுத்தது. ரசீதில் டார்க் கன்வர்ட்டர் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பழைய கன்வர்ட்டரையே மாட்டியிருந்தால் அதற்குள் தங்கியிருந்த உலோகத்தூள் புது கியர்பாக்ஸுக்குள் போய்விடும். கூலரும் குழாய்களும் அலசப்பட்டனவா அல்லது மாற்றப்பட்டனவா என்பதும் அதே காரணத்துக்காக முக்கியம். பின்னால் தெரிந்துபோன கோளாறுக்கு, உதாரணமாக 68ஆர்எஃப்இ-யின் வால்வு பாடிக்கு, திருத்தப்பட்ட பாகம் போட்டிருந்தால் அது மூலக் கியர்பாக்ஸைவிடவும் மேலானது. வெறும் சீலும் தட்டும் மாற்றி விற்பனைக்காகத் தயார்செய்ததும் ரீபில்ட் என்றே அழைக்கப்படுகிறது. ரீபில்டுக்குப் பின் பத்தாயிரம் மைலாவது ஓடியிருந்தால் எனக்கு நிம்மதி.

பழைய கியர்பாக்ஸில் ஆயில் மாற்றினால் கெட்டுப்போகும் என்கிறார்களே?

கெட்டுப்போகும் நிலையில் இருந்த கியர்பாக்ஸுக்குக் கடைசி நேரத்தில் ஆயில் மாற்றுவார்கள், அடுத்த மாதம் அது நின்றுவிடும், பழி ஆயிலுக்கு. நன்றாக ஓடுகிற கியர்பாக்ஸில் தாராளமாக மாற்றலாம். அழுத்தம் கொடுத்து அலசும் இயந்திரத்தை மட்டும் நான் தவிர்ப்பேன். கியர்பாக்ஸின் அடியில் உள்ள ஆயில் தொட்டியை (பேன்) கழற்றி, ஃபில்டர் மாற்றி, அதிலுள்ள காந்தத்தைத் துடைத்துப் பார்ப்பதே நல்லது. காந்தத்தில் மை போல வழவழப்பான சாம்பல் நிறப் பசை இருந்தால் இயல்பான தேய்மானம். விரலில் நெருடும் சில்லுகள் இருந்தால் இயல்பில்லை.

எந்த ஆயில் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். 68ஆர்எஃப்இ-க்கு ஏடிஎஃப்+4, ராமின் ஐசினுக்கு அதற்கென்றே தனி ஆயில். இரண்டும் ஒரே ராமில் வருவதால் மாற்றி ஊற்றிவிடும் ஆபத்து உண்டு.

ஸ்கேனர் மாட்டிப் பார்ப்பது அவசியமா?

அவசியம். பதிவான கோளாறுக் குறியீடுகள், ஆயில் வெப்பம், வழுக்கல் அளவு மூன்றையும் காட்டும் ஸ்கேனர் வேண்டும். எல்லாம் சுத்தமாக இருந்து, புகைக் கட்டுப்பாட்டுச் சுயசோதனைகள் மட்டும் முடியாமல் நின்றால், சமீபத்தில் யாரோ குறியீடுகளை அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள்.

வண்டியின் விஐஎன் எண்ணை (ஒவ்வொரு வண்டிக்கும் உரிய அடையாள எண்) வைத்து ரீகால், அதாவது தயாரிப்பாளர் குறையைச் சரிசெய்யத் திரும்ப அழைப்பது, நிலுவையில் உள்ளதா என்றும் பார்த்துவிடுங்கள். 68ஆர்எஃப்இ கொண்ட 2020 முதல் 2023 வரையிலான ராம் டீசல்கள், டிப்ஸ்டிக் குழாய் வழியே ஆயில் பீறிட்டுத் தீப்பிடிக்கும் அபாயத்துக்காக 2022-இல் திரும்ப அழைக்கப்பட்டன. பத்து கியர் கொண்ட 2020 முதல் 2022 வரையிலான ஜெனரல் மோட்டார்ஸ் டீசல்களுக்கு, வால்வு தேய்ந்து ஓட்டத்தில் பின்சக்கரங்கள் இறுகும் அபாயத்துக்காக 2024-இல் ரீகால் வந்தது.

இவ்வளவு தொல்லைக்கு மேனுவலே வாங்கிவிடலாமே?

கிடைத்தால் வாங்கலாம், கிடைப்பது அரிது. பெரிய டீசல் பிக்கப்பில் ஜெனரல் மோட்டார்ஸ் 2006-ஓடும், ஃபோர்ட் 2010-ஓடும், ராம் 2018-ஓடும் மேனுவலை நிறுத்திவிட்டன. அதற்கும் தன் குறைகள் உண்டு. டாட்ஜின் என்வி4500-இல் ஐந்தாம் கியர் நட் தளர்ந்து அந்த கியரே இல்லாமல் போவது பலரும் கண்டது.

வாங்கியாயிற்று. முதலில் என்ன செய்வது?

கியர்பாக்ஸ் ஆயில் வெப்பத்தைக் காட்டும் மீட்டர் வண்டியில் இல்லையென்றால் அதை மாட்டுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். காலியாக ஓடும்போது வழக்கமாக எவ்வளவு காட்டுகிறது என்று இரண்டு வாரம் குறித்து வையுங்கள். சுமையோடு போகும்போது 80, 90 டிகிரி செல்சியஸ் பக்கம் இருப்பது சாதாரணம். 110-ஐத் தாண்டினால் டோ/ஹால் (சுமை இழுக்கும் முறை) பொத்தானைப் போட்டு, ஒரு கியர் குறைத்து, வேகத்தையும் குறையுங்கள். 120-ஐத் தொட்டால் ஓரமாக நிறுத்தி, நியூட்ரலில் எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிடுங்கள், ஆயில் கூலர் வழியே சுற்றி ஆறும். சக்கரத்துக்குக் கல் வைத்து ஹேண்ட்பிரேக் போட மறக்க வேண்டாம். அடுத்த நாள் ஆறிய பிறகு டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். வாசனை மாறியிருந்தால் அந்த வாரமே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.